மணப்பாடு: குன்றோடு திரும்பிவிடலாமா, ஊரையும் பார்க்கலாமா?

நெய்தல்வழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் திருவிழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன் குடும்பத்தோடு தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாடு போகலாம் என்று இருக்கிறோம். மதுரையிலிருந்து கிளம்பி, திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே வருவதாகத் திட்டம். சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கிடைக்கும். மாமியார் உடன் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். மூத்தவள் எந்த ஊருக்குப் போனாலும் "இங்கே முன்னால் என்ன இருந்தது?" என்று கேட்டுத் துளைத்துவிடுவாள்.

தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே செய்திதான் கிடைக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே குகை. சவேரியார் (பிரான்சிஸ் சேவியர் என்ற கத்தோலிக்கக் குரு) வந்தார், குகையில் தங்கினார், கோயில் எழுந்தது. அத்துடன் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கரையில் இருந்த மனிதர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அந்தப் பக்கத்து நண்பர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். குன்றைப் பார்த்த பிறகு என்ன பார்க்க வேண்டும்? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?


தெற்குவண்டி எழுதியது:

முதலில் போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர் வரை ரயில் உண்டு. அங்கிருந்து மணப்பாடு பதினெட்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும், டவுன் பஸ் ஓடுகிறது. பஸ் நேரத்தை நம்பி மாமியாரை வெயிலில் நிறுத்த வேண்டாம், ஒரு காரோ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். குன்று உயரமானதில்லை, மெதுவாக நடந்தால் கோயில் முகப்பு வரை அவரும் வந்துவிடுவார். குகைக்குப் படியிறங்க வேண்டும், அது அவருக்குக் கடினம். கோயிலிலேயே அமர்ந்திருக்கட்டும், காற்று நன்றாக வரும்.

தசராவோடு முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டி வருகிறவர்களின் கூட்டத்தில் அந்தச் சாலை நகராது. வேடங்களையே பார்க்க வேண்டும் என்றால் அது வேறு பயணம், அதற்குத் தனியாக வாருங்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

நெய்தல்வழி அவர்களின் மூத்த மகளுக்காகவே எழுதுகிறேன். அவள் கேட்கும் கேள்விக்கான பதில் சவேரியாருக்கு முன்பே தொடங்குகிறது.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவாவுக்கு ஒருமுறை சென்றுவிட்டு 1544 தொடக்கத்தில் மீண்டும் இந்தக் கரைக்கே திரும்பினார். ஆனால் அவர் வந்தபோது இந்தக் கரையின் கடலோடி மக்களான பரதவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகக் கடலோடிச் சமூகங்களுக்குள் கடுமையான மோதல் இருந்தது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது போனார்கள். போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள், ஈடாக மதம் மாற ஒப்புக்கொண்டார்கள். இடையில் நின்று பேசியவர் கள்ளிக்கோட்டையோடு தொடர்புடைய குதிரை வணிகர் ஜுவாம் த குருஸ். 1536, 1537 ஆண்டுகளில் மிகுவேல் வாஸ் என்ற பாதிரியாரும் அவருடன் வந்தவர்களும் கரை நெடுகத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

தங்கள் கடலையும் முத்துப்பாரையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகம் கூடிப் பேசி எடுத்த அரசியல் முடிவு அது. அந்த முடிவுக்குப் பின்னால் பட்டங்கட்டிகள் இருந்தார்கள். ஊர்த் தலைவர்களான இந்தப் பட்டங்கட்டிகள் சவேரியாரின் கடிதங்களிலும் அடிக்கடி வருகிறார்கள். சில இடங்களில் அவர்கள்மேல் அவர் கோபப்படுவதும் தெரிகிறது. குகையில் தனியாகத் தவம் செய்யும் துறவியின் படத்தை மட்டும் காட்டினால் இந்த மனிதர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள்.


சிலுவைநாதர்பக்தன் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்காக மதம் மாறினார்கள் என்று சொல்லி நிறுத்தினால் எங்கள் மனம் நோகும். தண்ணீர் ஊற்றிய பிறகு பல ஆண்டுகள் அந்த மக்களுக்கு ஒரு செபம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. தமிழ் தெரிந்தவர்களை உட்கார வைத்து செபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியவர் சவேரியார். அதற்குப் பிறகுதான் அது எங்கள் விசுவாசம் ஆயிற்று. என் பாட்டி சாகும்வரை செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவுக்கு மணப்பாடு போகத் தவறியதில்லை. எந்த ஒப்பந்தத்துக்காகவும் அவர் போகவில்லை.


பழஞ்சுவடி எழுதியது:

உங்கள் பாட்டியின் விசுவாசத்தை நானும் மதிக்கிறேன் ஐயா. இரண்டும் உண்மை. ஒப்பந்தமாகத் தொடங்கியது நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததென்றால் அதை நிலைக்க வைத்தவர்கள் அந்த மக்கள்தான் என்பதே என் பேச்சு. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்கள்) தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். பாதுகாப்புக் கொடுத்த போர்த்துகீசியரும் போய்விட்டார்கள். அப்போதும் பரதவர்கள் கத்தோலிக்கத்தை விடவில்லை. வெறும் பாதுகாப்புக் கணக்காக இருந்திருந்தால் அன்றைக்கே புதிய எஜமானரின் சபைக்கு மாறியிருப்பார்கள்.

அச்சு வரலாற்றையும் மூத்த மகளிடம் சொல்லுங்கள். சவேரியாருக்குப் பின் இந்தக் கரையில் வாழ்நாளைக் கழித்தவர் போர்த்துகீசியக் குரு அன்றிக் அடிகளார். மணப்பாட்டுக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் அவருடைய இடம். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்து ஒன்றில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் அது. இந்த மீனவக் கிராமங்களில் படிக்கவே அது அச்சிடப்பட்டது. தமிழ் அச்சு பிறந்தது இவர்களுக்காக.


கொண்டல்காற்று எழுதியது:

நான் மணப்பாட்டில் பிறந்தவள், இப்போது திருமணமாகி வெளியூரில் இருக்கிறேன். இழையை முதலிலிருந்து படித்தேன். பழஞ்சுவடி அண்ணாச்சி சொன்னதோடு கடல் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

1544 ஜூன் மாதம் வடுகர் என்ற தெலுங்குப் படை குமரிமுனைப் பக்கத்து மீனவ ஊர்களைக் கொள்ளையிட்டது. தப்பியவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டு பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்து அந்த ஜூனில் சவேரியார் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. உணவு ஏற்றிக்கொண்டு இருபது தோணிகள் குமரியை நோக்கிப் புறப்படுகின்றன. ஆனால் போய்ச் சேர முடியவில்லை. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும், எதிர்க்காற்றில் நகரவில்லை. திரும்பிவிட்டார்கள். பிறகு அவர் தரைவழியாகப் போய் அந்த மக்களைப் பார்த்தார்.

பக்தி நூல்களில் இதைச் சோதனை என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் மாதத்தைத்தான் கேட்பார். ஆனி மாதம் என்றதும் தலையசைப்பார். அது கச்சான் காலம். காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் விடாமல் அடிக்கும். மணப்பாட்டிலிருந்து குமரி இருப்பதும் தென்மேற்கில்தான். பாய் விரித்தால் காற்று முகத்தில் அடித்துப் பின்னால் தள்ளும். பாயை இறக்கிவிட்டு வலிக்க வேண்டும். சுமை ஏற்றிய தோணி, கரையை ஒட்டிய நீரோட்டமும் எதிராக. சில பேர் கரையில் இறங்கி, ஈர மணலில் குதிகால் புதைய, தோளில் கயிற்றைப் போட்டு இழுத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது தோணி பக்கவாட்டில் திரும்பி மணலில் தட்டும், உள்ளே இருப்பவன் கழியை ஊன்றி அதைத் தள்ளிவிட வேண்டும். இன்றும் கச்சான் வீசும் நாளில் தெற்கே போக எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள், கையில் இயந்திரம் இருந்தும் யோசிப்பார்கள்.

அந்த இருபது தோணிகளில் போனவர்கள் யார்? கடிதத்தில் ஒருவர் பெயரும் இல்லை. காற்று எப்படி என்று சவேரியாருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், வலித்தவர்களுக்கு நிச்சயம் தெரியும். தெரிந்துகொண்டே போனார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் குன்றின்மேல் நின்று தெற்கே பார்க்கும்போது இதை நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பலகையிலும் இது எழுதப்பட்டிருக்காது.


அலைமேடு எழுதியது:

கொண்டல்காற்று அக்கா, இதைப் படித்த பிறகு அந்தக் கடலை வேறு கண்ணோடு பார்ப்பேன். நான் அலைச்சறுக்குக்காக வருகிறவன். நீங்கள் சொல்லும் அதே தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் குன்றின் முனையைச் சுற்றி நல்ல அலை கிடைக்கும், அதற்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு எங்களால் இடைஞ்சல் உண்டா? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


கொண்டல்காற்று எழுதியது:

தம்பி, கேட்டதற்கு நன்றி. அலையில் விளையாடுவதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வலை காயும் இடத்தில் பலகையைப் போடாதீர்கள். குன்றுக்குக் கீழே குளித்த உடையோடு கோயிலுக்குள் ஏறாதீர்கள். திருப்பலி நேரத்தில் பறக்கும் கேமரா விடாதீர்கள். இவ்வளவுதான்.


கல்லும்மணலும் எழுதியது:

குகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குகைக்குள் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே ஒரு கிணறு இருக்கிறது, அதில் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. பக்தர்கள் புட்டியில் பிடித்துப் போகிறார்கள். திருச்செந்தூரிலும் இதே அமைப்பு உண்டு: கடற்கரையில் நாழிக்கிணறு, பாறையைக் குடைந்த வள்ளிக் குகை. சவேரியாருக்கு முன் மணப்பாட்டுக் குகையில் ஒரு சைவத் துறவி இருந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். இரண்டு ஊரிலும் மக்கள் ஒரே மாதிரி இடத்தைத்தான் புனிதமாகத் தேர்ந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பாறையும் ஒரே வகை.

மணப்பாட்டுக் குன்று கருங்கல் இல்லை. கடல் மணலும் சிப்பித் தூளும் சேர்ந்து, சிப்பியின் சுண்ணாம்பே பசையாக இறுகிய மணற்பாறை. குன்றின் ஓரத்தில் உங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, பாறையின் முகத்தை அருகில் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். சிப்பித் துண்டுகள் கைக்குத் தட்டுப்படும். விரலால் தேய்த்தால் சில இடங்களில் மணல் உதிரும். இவ்வளவு மென்மையான பாறை என்பதால்தான் அலை குடைந்து குகையாக்க முடிந்தது. மழைநீர் இதன் துளைகள் வழியே இறங்கி உள்ளே தேங்குகிறது. நல்ல நீர் கடல் நீரைவிட எடை குறைந்தது, ஆகவே உப்பு நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டாமல் மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர் வரும். ஆசைப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். இந்தக் கரையின் பழைய கிணறுகள் எல்லாம் ஆழம் குறைந்தவை என்பதைக் கவனியுங்கள்.


பனங்காட்டான் எழுதியது:

எல்லோரும் கடலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உடன்குடிப் பக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியன். மணப்பாட்டுக்கு முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

கரையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் தேரி தொடங்கிவிடும். செக்கச் செவேல் என்ற மணல் மேடுகள். குதிரைமொழித் தேரிக்குள் நடுப்பகலில் நின்றால் தமிழ்நாட்டில் இருக்கிறோம் என்று நம்ப முடியாது. கச்சான் காற்றுதான் இந்த மணலையும் குவித்து வைத்தது. மணல் துகளின்மேல் இரும்புத் துருப் படிந்ததால் இந்தச் சிவப்பு. கற்காலத்து மனிதர்கள் செய்த விரல்நக அளவுக் கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று நாம் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்களின் பெயர்களோடுதான் தொல்லியல் கட்டுரைகளில் அவை வருகின்றன. பிள்ளைகள் தேரிக்குள் போனால் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலையும் பார்த்துவிட்டு வரட்டும். செம்மணல் நடுவே சுனை, சுற்றி மரங்கள். காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் அந்த மணலில் செருப்போடும் நடக்க முடியாது.

இந்தத் தேரியில் விளைந்தது பனை. எங்கள் ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். பனையேறி ஒரு நாளில் இரண்டு முறை மரம் ஏறுவார். முருக்குத்தடியைச் சாத்தி, இடுப்பில் அரிவாள் பெட்டியோடு ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். அந்தக் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் அது கள். தடவினால் பதநீர். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. கடல் இல்லாமல் எங்களுக்குக் கருப்பட்டி இல்லை. அந்தக் கருப்பட்டியும் கருவாடும் தோணி ஏறி இலங்கைக்குப் போயின. மணப்பாட்டுத் தெருக்களில் தூண் வைத்த பெரிய வீடுகளைப் பார்ப்பீர்கள். மீன் பிடித்துக் கட்டிய வீடுகள் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் கொழும்பு வணிகத்தில் கட்டியவை. 1948க்குப் பிறகு அங்கே குடியேற்றச் சட்டமும் பணக் கட்டுப்பாடும் வந்து அந்தப் போக்குவரத்து ஒடுங்கியது. இன்று பல வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், சில பூட்டிக் கிடக்கின்றன.

வரலாறு பிடித்த மகளுக்கு இன்னும் இரண்டு இடம். ஒன்று மெஞ்ஞானபுரம். பனங்காட்டுக்கு நடுவே 192 அடிக் கோபுரத்தோடு தேவாலயம் நிற்கிறது. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் கட்டியது. மற்றொன்று திசையன்விளை பக்கம் இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த ஊர், அவர் அடக்கமானதும் அங்கேதான். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அறிஞர், தன் ஊர்க் கோயிலைக் கட்டி முடிக்க 1880 வரை காத்திருந்தார். வேலை தொடங்கியது 1847இல். கடற்கரை கத்தோலிக்கம், தேரி சீர்திருத்தச் சபை, இரண்டுக்கும் நடுவே முத்தாரம்மனும் அய்யனாரும். இருபது கிலோமீட்டருக்குள் இவ்வளவும்.


தெற்குவண்டி எழுதியது:

குலசையில் இன்னொன்றும் உண்டு. 1942 செப்டம்பரில், வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே உப்பளத்துக்குள் புகுந்த இளைஞர்களுக்கும் அதிகாரி லோனுக்கும் நடந்த மோதலில் லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டு, விடுதலைக்கு முன்பே வெளியே வந்தார்கள். தசராவுக்கு இலட்சக்கணக்கில் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?


விண்ணோக்கி எழுதியது:

அதே குலசையில்தான் இப்போது இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கைக்கு மேல் போகாமல் இருக்க வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பு பெரிது. இங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம், குமரி தாண்டினால் வெறும் கடல். பெருமைப்பட வேண்டிய விஷயம்.


கொண்டல்காற்று எழுதியது:

பெருமை எங்களுக்கும் உண்டு விண்ணோக்கி. ஆனால் "வெறும் கடல்" என்ற சொல் என்னை உறுத்துகிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடலில் ஒவ்வொரு பாருக்கும், அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கும், பெயர் உண்டு. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் படும் என்று தெரியும். ராக்கெட் விடும் நாளில் எவ்வளவு தூரம் கடலுக்குப் போகக் கூடாது, எத்தனை நாள், அந்த நாட்களின் வருமானத்துக்கு யார் பொறுப்பு, இவற்றைத்தான் எங்கள் மக்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மணல் பிரச்சினையும் இருக்கிறது. குன்றின் மேலிருந்து கீழே பாருங்கள், கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் நீண்ட மணல் திட்டு தெரியும். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் திட்டுதான் படகு போகிற வழியை அடைக்கிறது. தரை தட்டிக் கவிழ்ந்தால் படகும் போகும், ஆளும் போவான். தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு, வேண்டும் என்று ஊர் பல காலமாகக் கேட்டுவருகிறது.


கல்லும்மணலும் எழுதியது:

தூண்டில் வளைவைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும் சகோதரி. கச்சான் காலத்தில் கரையோர மணல் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கம் கரை அரிக்கும். ஒரு ஊருக்குக் கிடைக்கும் நன்மை பக்கத்து ஊரின் நட்டமாகிவிடக் கூடாது.

ஆற்றில் தண்ணீர் ஓடினால் முகத்துவாரம் தானே திறக்கும் என்பது இன்னொரு பக்கம். கருமேனியாறு பெரும்பாலும் வறண்டு கிடக்கிற ஆறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அப்படி எப்போதாவது வெள்ளம் வந்தால் உண்டு. தாமிரபரணியின் உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய் வந்திருக்கிறது. தேரி ஊர்களின் குடிநீருக்கும் பாசனத்துக்கும்தான் அந்தத் திட்டம். அதில் ஒரு பங்கு கடல் வரை வந்து முகத்துவாரத்தைக் கழுவுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.


கொண்டல்காற்று எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது நியாயம். பெரியதாழையில் போட்ட கல்லைப் பற்றி எங்கள் ஊரிலும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஆனாலும் நாளை காலை கடலுக்குப் போக வேண்டியவனிடம் இன்னும் பத்து ஆண்டு ஆராய்ச்சி செய்வோம் என்று சொல்ல முடியாது. கடல் அறிந்தவர்களையும் பொறியாளர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசினாலே பாதி வேலை முடியும். மணல் எந்த மாதம் எங்கே சேரும் என்பதைப் படகில் போகிற கிழவர்கள் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

இந்த மணல் புதிய வில்லன் இல்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டத்துக்கு நடுவே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் அதை மூடியது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது, அதன்பின் புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. கொற்கையில் தோண்டிப் பார்த்து இதை எழுதியவர்களில் பனங்காட்டான் ஐயா சொன்ன கால்டுவெல்லும் ஒருவர். மணப்பாட்டுக்கு இருந்த வாய்ப்பு அந்தப் பாறைக் குன்று. ஆறு எவ்வளவு மணலைக் கொண்டுவந்தாலும் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. கப்பலில் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றில் நட்டான் என்பது ஊரின் மரபு. 1581இல் கோயில் வந்தது. இன்று அதே குன்றில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மாலுமிக்கு அடையாளமாக இருந்த இடமே கும்பிடும் இடமாகவும் ஆனது.


நெய்தல்வழி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. மகள் இழையை முழுவதும் படித்துவிட்டாள். இருபது தோணியைப் பற்றி மட்டும் பல கேள்விகள் வைத்திருக்கிறாள்.

திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறோம். சனிக்கிழமை காலை திருச்செந்தூர். வெயில் தாழ்ந்ததும் தேரியும் அய்யனார் கோயிலும், வழியில் உடன்குடியில் கருப்பட்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மணப்பாடு. படகுகள் திரும்புவதையும் மீன் ஏலத்தையும் பார்த்துவிட்டுக் குன்றில் ஏறலாம் என்று எண்ணுகிறோம். மாமியாருக்கு அங்கே என்ன வாங்கிக் கொடுக்கலாம்? நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?


பனங்காட்டான் எழுதியது:

உடைத்துப் பாருங்கள். உடைத்த இடத்தில் சீனிபோலப் பளபளவென்று கற்கள் மின்னினால் சீனி கலந்தது. நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும், வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் வரும், அது அந்தச் சுண்ணாம்பு. விலை குறைவாகச் சொன்னால் வாங்காதீர்கள். பனையேறிக்குக் கூலி கொடுத்து, விறகு வாங்கி, மணிக்கணக்காகக் காய்ச்சிய சரக்கை அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. பிள்ளைகளுக்குச் சுக்குப் போட்ட சில்லுக்கருப்பட்டி வாங்கிக் கொடுங்கள்.


கொண்டல்காற்று எழுதியது:

மாமியாருக்கு ஓலைப்பெட்டி வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவார்கள், மூடி சரியாகப் பொருந்தும், சாயமும் அழகாக இருக்கும். பேரம் பேசாமல் வாங்குங்கள், ஒரு பெட்டிக்குப் பின்னால் நிறைய நேரம் இருக்கிறது.

கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். படகெல்லாம் கரையில் ஏறியிருக்கும், ஏலமும் இருக்காது. சனிக்கிழமை விடியற்காலையிலேயே நேராக மணப்பாட்டுக்கு வந்துவிடுங்கள். படகு வந்ததும் கரையில் சாளையும் நெத்திலியும் கொட்டி ஏலம் விடுவார்கள், வளையத்துக்கு வெளியே நின்று பாருங்கள். ஏலம் முடிந்ததும் ஆட்கள் வலை உதற உட்காருவார்கள், பேச அதுதான் நேரம். மகளின் கேள்விகளை அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். ஆனி மாதத்தில் தோணி வலித்துக் குமரிக்குப் போக முடியுமா என்று தொடங்கினால் போதும், மற்றதை அவர்களே பேசுவார்கள். திருச்செந்தூரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.